ராஜா வீட்டு நகையா, வெறும் கதையா? பூர்வீகம் தேட புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏல கேட்லாக், மியூசியம் லேபிள், யூடியூப் வீடியோ, வாட்ஸப் ஃபார்வர்டு, எதை எடுத்தாலும் சரி, பழைய நகைன்னு வந்துட்டா பக்கத்துலயே ஒரு ராஜா நிப்பாரு. இது மும்தாஜ் போட்டது, இது திப்பு விரல்ல இருந்தது, இது சாபம் புடிச்ச வைரம்னு அடிச்சு விடுவாங்க. சுவாரசியமாத்தான் இருக்கும், ஆனா அதுல எவ்வளவு நிஜம்னு நாமளே உக்காந்து பாக்க முடியுமான்னு கேட்டா, நிறைய முடியும், வீட்ல இருந்தபடியே முடியும். அதுக்குத்தான் இந்த கட்டுரை. நகை வாங்குறதுக்கான அட்வைஸ் இல்ல இது. படிச்சுத் தெரிஞ்சுக்கணும், கதையையும் ஆதாரத்தையும் பிரிச்சுப் பாக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு.

மனை வாங்குறப்ப என்ன பண்றோம்? விக்கிறவர் பேச்சை நம்பாம தாய்ப்பத்திரம், வில்லங்கம், நடுவுல எத்தனை கை மாறிச்சு, எந்த வருஷத்துக்கு பேப்பர் இல்லன்னு பாக்குறோம்ல, அதே வேலைதான் நகையோட பூர்வீகம் தேடுறதும். வித்தியாசம் என்னன்னா மனையை யாரும் ரெண்டா வெட்டி, பாலிஷ் போட்டு, வேற ஊர்ல போய் வைக்க மாட்டாங்க, நகையை வைப்பாங்க.

உதாரணத்துக்கு நம்ம பக்கத்து கல்லையே எடுத்துக்குவோம், ஆற்காடு வைரங்கள், அதாவது ஆற்காடு நவாப் இங்கிலாந்து ராணிக்கு அனுப்பின ரெண்டு வைரம். கோஹினூர் பத்தி எல்லாரும் பேசியாச்சு (அதுவும் நடுவுல வரும், தப்பிக்க முடியாது), ஆற்காடு பத்தி பேசுறவங்க கம்மி. ஆனா பழகுறதுக்கு இதைவிட நல்ல கேஸ் கிடைக்காது.

1. முதல்ல நகையை மூணா பிரிங்க

கல் வேற, அது உக்காந்திருக்குற வேலைப்பாடு வேற, அதுக்கு வெச்ச பேரு வேற. இந்த மூணுக்கும் தனித்தனி பூர்வீகம் இருக்கும். புதுசா வர்றவங்க அதிகமா சறுக்குறது இங்கதான், கல் 400 வருஷம் பழசுன்னா மொத்த ஹாரமும் 400 வருஷம்னு நினைச்சுக்குவாங்க.

பாட்டியாலா நெக்லஸை பாருங்க. மகாராஜா பூபிந்தர் சிங் ஆர்டர் குடுத்து பாரிஸ்ல கார்ட்டியே நகைக்கடை 1928ல முடிச்சு குடுத்தது, 2,930 வைரம், நடுவுல 234.65 காரட் டி பீர்ஸ் வைரம். 1948 வாக்குல அரண்மனையில இருந்து காணாம போச்சு. டி பீர்ஸ் கல் மட்டும் 1982ல ஜெனீவா ஏலத்துல தனியா தலை காட்டிச்சு. அப்புறம் 1998ல லண்டன்ல ஒரு பழைய நகைக்கடையில அந்த ஹாரத்தோட சங்கிலி பாகம் கிடைச்சது, பெரிய கல் ஒண்ணுகூட அதுல இல்ல. கார்ட்டியே அதை வாங்கி, காணாம போன பெரிய கல்லுக்கெல்லாம் மாத்துக் கல் வெச்சு திரும்ப கட்டினாங்க. இன்னைக்கு கண்காட்சியில நீங்க பாக்குறது அதுதான். அது பாட்டியாலா நெக்லஸா இல்லையான்னு கேட்டா, ஃபிரேம் ஆமா, முக்கியமான கல்லுங்க இல்ல. இப்படி பிரிச்சு சொல்லப் பழகிட்டாலே பாதி குழப்பம் போயிடும்.

பேரு பத்தியும் ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் கிரீடத்துல முன்னாடி சிவப்பா ஜொலிக்கிற பிளாக் பிரின்ஸ் ரூபி, ரூபியே இல்ல, ஸ்பைனல்னு ரூபி மாதிரியே இருக்குற வேற கல். பேரை வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

2. ராஜாகிட்ட இருந்து ஆரம்பிக்காதீங்க, இப்ப வெச்சிருக்குறவங்ககிட்ட இருந்து பின்னாடி போங்க

பழைய காலத்துல இருந்து முன்னாடி வந்தா கதை உங்களை இழுத்துட்டு போயிடும். இன்னைக்கு இருந்து பின்னாடி போனா ஒவ்வொரு படியிலயும் பேப்பர் கேக்கலாம்.

ஆற்காடு 2ன்னு சொல்ற கல், 17.21 காரட், பேரிக்கா ஷேப். 2019 ஜூன்ல நியூயார்க்ல கிறிஸ்டீஸ் ஏலத்துல 33 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு போச்சு, அதுக்கு முன்னாடி கத்தார் ராஜ குடும்பத்தோட அல் தானி கலெக்‌ஷன்ல இருந்தது. இன்னும் பின்னாடி போனா 1959, லண்டன் சோத்பீஸ் ஏலம். அங்க கல் தனியா இல்ல, வெஸ்ட்மின்ஸ்டர் டியாராங்குற தலை அணியில ரெண்டு ஆற்காடு கல்லும் சேர்ந்து உக்காந்திருக்கு, வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் குடும்பம் டியூக் செத்ததுக்கான வரியைக் கட்ட வித்துச்சு, ஹாரி வின்ஸ்டன் 1,10,000 பவுண்டுக்கு வாங்கினார். அந்த டியாரா எப்ப செஞ்சது? 1930ல, பாரிஸ் லாக்ளோஷ் கடையில. ஆக டியாராவுக்கும் ஆற்காட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, கல்லுக்குத்தான் சம்பந்தம் (முதல் படி ஞாபகம் வெச்சுக்கோங்க).

அதுக்கும் பின்னாடி 1837. லண்டன்ல ரண்டெல் அண்ட் பிரிட்ஜ்னு ராஜ குடும்பத்துக்கு நகை செஞ்ச பெரிய கடை, அதோட சரக்கு ஏலத்துக்கு வந்தப்ப முதலாம் வெஸ்ட்மின்ஸ்டர் மார்க்விஸ் (மார்க்விஸ்ங்குறது ஒரு பிரபு பட்டம்) 11,000 பவுண்டுக்கு ரெண்டு ஆற்காடு கல்லையும் எடுத்தார். அதுக்கு முன்னாடி சார்லட் ராணி, மூணாம் ஜார்ஜோட மனைவி, 1818ல இறந்தவங்க. அவங்க உயில்ல நகையையெல்லாம் வகை வகையா பிரிச்சு எழுதியிருக்காங்க, கல்யாணத்துக்கு ராஜா குடுத்தது ஒரு வகை, ஆற்காடு நவாப் குடுத்தது இன்னொரு வகை, நவாப் குடுத்ததை வித்து நாலு பொண்ணுங்களுக்கு பங்கு போடணும்னு தெளிவா இருக்கு. ராணியோட சொந்த உயில்லயே நவாப் பேர் வருதுன்னா அதைவிட என்ன ஆதாரம் வேணும். கடைசியா 1777, சென்னையில இருந்து நவாப் முகமது அலி வாலாஜா அனுப்பின பரிசு.

இவ்வளவுதான் சங்கிலி. பின்னாடியே போனதால ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு ஏலமோ உயிலோ கையில இருக்கு. 1777க்கு முன்னாடி இந்த கல் எங்க இருந்தது, எந்த சுரங்கம், யார் கொண்டு வந்து நவாப்கிட்ட வித்தாங்க? அதுக்கு கோல்கொண்டான்னு ஒரு வார்த்தையை போட்டு மூடிடுவாங்க. அந்த காலத்து இந்திய வைரம் பொதுவா கிருஷ்ணா நதிக்கரை சுரங்கங்கள்ல இருந்து வந்ததுதான், அதனால தப்பில்ல. ஆனா அது ஊகம், உயில் மாதிரி இல்ல. நோட்ல எழுதும்போது ரெண்டையும் ஒரே மையில எழுதாதீங்க.

3. தேதியை நேருக்கு நேர் வெச்சு பாருங்க

எல்லாத்தையும்விட ஈஸியான ஸ்டெப் இதுதான், அதிகமா பொய் மாட்டுறதும் இங்கதான். குடுத்தவர் அப்ப உயிரோட இருந்தாரா, பதவியில இருந்தாரா? அவ்வளவுதான் கேள்வி.

ஆற்காடு வைரத்தை பத்தி தேடினீங்கன்னா நிறைய இடத்துல 1777ல நவாப் அசீம் உத் தௌலா குடுத்தார்னு போட்டிருக்கும். அசீம் உத் தௌலா நவாப் ஆனதே 1801ல. 1777ல நவாப் வாலாஜா, அவர் 1795 வரைக்கும் இருந்தார். யாரோ ஒருத்தர் தப்பா எழுதினது, அடுத்தவங்க பாத்து எழுதி எழுதி இன்னைக்கு வரைக்கும் ஓடுது. நவாப் வம்சப் பட்டியலை பக்கத்துல வெச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

பெரிய இடத்துலயும் இப்படி நடக்கும். 2016 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றத்துல மத்திய அரசு தரப்புல சொன்னது, கோஹினூரை யாரும் திருடல, சீக்கியப் போர்ல உதவினதுக்கு ஈடா ரஞ்சித் சிங் தானா முன்வந்து குடுத்தார்னு. ரஞ்சித் சிங் செத்தது 1839. முதல் சீக்கியப் போர் ஆரம்பிச்சதே 1845 கடைசியில. போர் வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே செத்தவர் அந்த போருக்கு எப்படி ஈடு குடுப்பார்? மறுநாளே அரசு தரப்பு அந்த பேச்சுல இருந்து பின்வாங்கிச்சு.

மூணாவது உதாரணம், லா பெரெக்ரீனா முத்து. பனாமா கடல்ல கிடைச்சு ஸ்பெயின் ராஜ வம்சத்துக்கு போனது, 1969ல நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் 37,000 டாலருக்கு வாங்கி எலிசபெத் டெய்லருக்கு குடுத்தது, 2011ல 1 கோடியே 18 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. இதை இங்கிலாந்து ராணி முதலாம் மேரி போட்டிருந்தாங்கன்னு ரொம்ப காலமா எழுதிட்டு இருந்தாங்க, ஓவியத்துல மார்புல ஒரு பெரிய முத்து தொங்குதே அதுதான்னு. மேரி செத்தது 1558. இந்த முத்து ஸ்பெயின் ராஜாகிட்ட போய் சேர்ந்தது அதுக்கு ரொம்ப வருஷம் கழிச்சு. அந்த ஓவியத்துல இருக்குறது வேற முத்து.

4. பட்டியல் தேடுங்க

ராஜாக்கள் வீட்ல நகை இருந்தா அதுக்கு ஒரு கணக்குப்பிள்ளையும் இருப்பார். அந்த கணக்குதான் நமக்கு தங்கம். கதை சொல்றவன் "கண்ணைப் பறிக்கும் மரகதம்"ம்பான், கணக்குப்பிள்ளை "மரகதம் ஒண்ணு, ஒரு மூலை உடைஞ்சது"ன்னு எழுதுவார். உடைஞ்சதுன்னு எழுதினவர் சொல்றதை நம்பலாம்.

இதுக்கு உலகத்துலயே அசத்தலான உதாரணம் நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் சுவர்தான்னு நான் அடிச்சு சொல்லுவேன். ராஜராஜனும் அவர் அக்கா குந்தவையும் அவர் ஆட்சியோட 29ம் வருஷம் வரைக்கும் குடுத்த நகையெல்லாம் கல்வெட்டுல வரிசையா இருக்கு. சும்மா ஒரு மாலைன்னு இல்ல. பொன்னை ஆடவல்லான்னு பேர் வெச்ச எடைக்கல்லால நிறுத்தாங்க, மணி பதிச்ச நகையை தட்சிணமேருவிடங்கன்னு பேர் வெச்ச தனி எடைக்கல்லால நிறுத்தாங்க, கழஞ்சு, மஞ்சாடி, குன்றின்னு அந்த கால சின்ன எடை வரைக்கும் கணக்கு. முத்துல வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி, சக்கத்து, கறடு, இரட்டைன்னு ரகம், அதுலயும் எது குளிர்ந்த நீர் எது சிவந்த நீர்னு பளபளப்பு வேற. வைரத்துல காகபிந்து இருக்கா, அதாவது காக்கா கருப்புப் புள்ளி, ரக்தபிந்து, அதாவது சிவப்புப் புள்ளி இருக்கா, முறிஞ்சதா, வெந்ததா, எல்லா குறையும் எழுதியிருக்கு. நிறுத்தப்போ சரடு, அரக்கு எல்லாம் எடையில சேருதான்னும் சொல்லியிருக்கு. சாமிக்கு குடுத்த வைரத்துல புள்ளி இருக்குன்னு ராஜா சுவர்லயே வெட்டி வைக்கிறார்னா அந்த ஆபீஸ் எவ்வளவு கறாரா நடந்திருக்கணும்!

அந்த நகைங்க இன்னைக்கு இல்ல, பட்டியல் மட்டும் இருக்கு. அதனால யாராவது ஒரு பழைய அட்டிகையை காட்டி "சோழர் காலம், ராஜராஜன் குடுத்தது"ன்னா நீங்க கேக்க வேண்டியது ஒண்ணுதான், கல்வெட்டுல எந்த உருப்படி, எத்தனை கழஞ்சு, கல் எத்தனை? தென்னிந்திய கல்வெட்டுகள் தொகுதி 2ல மூலமும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் இருக்கு, பழைய பதிப்பு நெட்ல ஃப்ரீயா படிக்கலாம்.

வெளிநாட்டுல ரஷ்யா கேஸை பாருங்க. புரட்சிக்கு அப்புறம் சோவியத் அரசு ஜார் நகையையெல்லாம் கணக்கெடுத்து 1925 வாக்குல ஃபோட்டோவோட பட்டியல் போட்டுச்சு, ஃபெர்ஸ்மன்ங்குற கனிம விஞ்ஞானி பொறுப்புல. ஆனா அமெரிக்க புவியியல் ஆய்வு மையத்தோட லைப்ரரியில அதுக்கு முன்னாடி 1922ல போட்ட ஃபோட்டோ ஆல்பம் ஒண்ணு இருந்திருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா முதல் ஆல்பத்துல இருக்குற நாலு நகை பின்னாடி வந்த பட்டியல்ல இல்ல. எந்த நகை எந்த காலகட்டத்துல நழுவிச்சுன்னு இப்படித்தான் தெரிய வரும், ஒரு பட்டியல் பத்தாது, ரெண்டு வேணும்.

எங்க தேடுறதுன்னா, லண்டன் ராஜ குடும்ப நகைக்கும் பொருளுக்கும் ராயல் கலெக்‌ஷன் டிரஸ்ட் வெப்சைட்ல ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பரோட பக்கம் இருக்கு, அதுல பூர்வீகம்னு தனியா ஒரு பகுதி வரும். கிழக்கிந்திய கம்பெனி பேப்பரெல்லாம் பிரிட்டிஷ் லைப்ரரியில. கர்நாடிக் நவாப் (ஆற்காடு நவாப்தான்) சமாச்சாரம்னா எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கு, போறதுக்கு முன்னாடி அனுமதி நடைமுறை என்னன்னு விசாரிச்சுட்டு போங்க.

5. எடை

இது சின்ன ஸ்டெப், ஆனா தெரியலன்னா தலை சுத்தும். இப்ப ஒரு காரட்னா 200 மில்லிகிராம். இது 1907ல முடிவாகி ஒவ்வொரு நாடா ஏத்துக்கிட்டது, அதுக்கு முன்னாடி லண்டன் காரட் கொஞ்சம் கனம், 205 மில்லிகிராம் சொச்சம். அதனாலதான் வெட்டுறதுக்கு முன்னாடி கோஹினூர் ஒரு இடத்துல 186 காரட்னும் இன்னொரு இடத்துல 191 காரட்னும் இருக்கும், ரெண்டும் ஒரே எடைதான். 1852ல லண்டன்ல மறுபடி பட்டை தீட்டி 105.6 ஆக்கிட்டாங்க. ஆற்காடு 2 கூட 23 காரட் சொச்சத்துல இருந்து படிப்படியா இறங்கித்தான் 17.21க்கு வந்துச்சு.

ஆக எடை குறைஞ்சா சந்தேகப்பட வேண்டாம், வெட்டியிருப்பாங்க, யார் எப்ப வெட்டினாங்கன்னு தேடணும். காரட் கணக்கு மாறினதையும் கழிச்சுப் பாத்து எடை ஏறியிருந்தா? கல் வளராது. அது வேற கல்.

6. கல்லுல எழுதியிருந்தா சந்தோஷப்படுங்க, அப்புறம் சந்தேகப்படுங்க

முகலாய பாதுஷாக்களுக்கு ஸ்பைனல்னா உயிர், அதுல பேரையும் ஹிஜ்ரி வருஷத்தையும் பொறிச்சு வைப்பாங்க. இதுல பெரிய ஆள் தைமூர் ரூபி, 352.5 காரட், இதுவும் ஸ்பைனல்தான், இப்ப லண்டன் ராஜ குடும்ப கலெக்‌ஷன்ல இருக்கு. அது மேல ஜஹாங்கீர், ஷாஜஹான், ஃபரூக்சியர், அகமது ஷா துரானின்னு வரிசையா பேர். கூடவே பாரசீக ராஜா நாதிர் ஷா சார்பா ஒரு நீளமான வாசகம், இந்துஸ்தான் நகைகள்ல இருந்து 1153ல இஸ்ஃபஹான் வந்து சேர்ந்ததுன்னு. ஹிஜ்ரி 1153னா ஏறத்தாழ 1740, நாதிர் ஷா டெல்லியை கொள்ளையடிச்சது 1739, கச்சிதமா பொருந்துது.

அப்ப பேர்ல இருக்குற தைமூர், முகலாயர்களோட முன்னோரான மத்திய ஆசிய ராஜா, எங்க? அந்த வாசகத்துல சாஹிப் கிரான்னு ஒரு பட்டம் வருது. அது தைமூரோட பட்டம்னு படிச்சவங்க, கல் தைமூர்கிட்ட இருந்து வந்ததுன்னு முடிவு கட்டிட்டாங்க. ஆனா ஷாஜஹான் தன்னை இரண்டாம் சாஹிப் கிரான்னு சொல்லிக்கிட்டவர். கல்லுல இருக்குற முகலாய பேருங்களோட சேத்துப் பாத்தா தைமூர்கிட்ட அந்த கல் இருந்ததுக்கு ஆதாரமே இல்லன்னு 1990கள்ல ஆராய்ச்சியாளர்கள் எழுதிட்டாங்க. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு.

அதனால பொறிப்பு கண்டா, ஒண்ணு, ஹிஜ்ரியை ஆங்கில வருஷத்துக்கு மாத்தி அந்த ராஜா அப்ப ஆண்டாரான்னு பாருங்க. ரெண்டு, பட்டப் பேர் ஒருத்தருக்கு மேல யார் யார் வெச்சுக்கிட்டாங்கன்னு பாருங்க. பழைய கல்லுல புதுசா பேர் பொறிக்கிற ஆளுங்களும் உண்டு, ஒரு பாதுஷா பேருக்கு விலை எங்கயோ போகும்ல.

7. படமும் அச்சும்

ஃபோட்டோ காலத்துக்கு வந்துட்டா வேலை சுலபம், ஓவியம்னா உஷார். ஓவியர்கள் அழகுக்காக முத்தை பெருசாக்குவாங்க, பாக்குறவங்க ஒரு முத்தை வேற முத்துன்னு நினைச்சுக்குவாங்க, மேரி கதை பாத்தோம்.

ஆனா கல்லோட அச்சு, அதாவது அதே அளவுல எடுத்த வார்ப்பு, கிடைச்சா ஜாக்பாட். பதினாலாம் லூயி 1668ல டவர்னியேங்குற வியாபாரிகிட்ட இந்தியாவுல இருந்து வந்த பெரிய நீல வைரம் வாங்கி, அதை வெட்டி பிரெஞ்சு ப்ளூன்னு ஆக்கினார். 1792 செப்டம்பர்ல, புரட்சி நேரம், பாரிஸ் கஜானாவுல புகுந்து பல நாள் ராத்திரி அள்ளினாங்க, அதுல இந்த கல்லும் போச்சு. 1812 செப்டம்பர்ல லண்டன்ல ஒரு நகை வியாபாரிகிட்ட வேற ஷேப்ல ஒரு நீல வைரம் இருந்ததா குறிப்பு. தேதியை பாருங்க, 20 வருஷம் முடிஞ்ச கையோட. அந்த திருட்டுக்கு பிரான்ஸ்ல கேஸ் போடுற காலக்கெடு 20 வருஷம்! இன்னைக்கு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்குற ஹோப் வைரம், 45.52 காரட், அதுதான்னு ரொம்ப காலமா சந்தேகம். 2007ல பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல, யாரும் கண்டுக்காம கிடந்த ஒரு ஈய வார்ப்பு கண்ணுல பட்டுச்சு. அளந்து பாத்தா பிரெஞ்சு ப்ளூவோட அச்சு. கம்ப்யூட்டர்ல வெச்சு பாத்தப்ப ஹோப் அதுக்குள்ள பொருந்தி உக்காந்துச்சு. ஹோப் மேல சொல்ற சாபம் கிபம் எல்லாம் பத்திரிகைக்காரங்களும் விக்கிறவங்களும் ஏத்தி விட்டது, ஒரு ஈயக் கட்டி சொன்ன கதை அதைவிட நூறு மடங்கு நல்லா இருக்கு.

லேப் ரிப்போர்ட் பத்தி இங்கயே சொல்லிடுறேன். கல் இயற்கையா, சூடு பண்ணியிருக்கா, எந்த வகை, சில சமயம் எந்த நாட்டுக் கல்லுன்னு வரைக்கும் லேப் சொல்லும். யார் கழுத்துல இருந்ததுன்னு எந்த மெஷினும் சொல்லாது. ரிப்போர்ட்டை நீட்டி இது ராஜ பரம்பரை சர்டிபிகேட்னு சொல்றவங்களை கண்டா ஒதுங்கிடுங்க.

8. பேப்பர் இல்லாத வருஷங்களை வட்டம் போடுங்க

சங்கிலி எழுதி முடிச்சதும் அதுல ஓட்டை எங்கன்னு பாருங்க, அதைத்தான் ஏல கேட்லாக் மொழுகிட்டு போகும். "குடும்ப வழியா வந்தது", "சொல்லப்படுகிறது", "ஒரு பெண்மணியின் சொத்து", இப்படி வந்தா அங்க பேப்பர் இல்லன்னு அர்த்தம். சில அமெரிக்க மியூசியங்கள்ல இதுக்கு ஒரு வழக்கமே இருக்கு, ஒரு ஓனர்கிட்ட இருந்து அடுத்தவருக்கு நேரா போனது தெரிஞ்சா நடுவுல அரைப்புள்ளி, தெரியலன்னா முற்றுப்புள்ளி. ஒரு சின்ன புள்ளியில இவ்வளவு விஷயம் ஒளிஞ்சிருக்கும், கண்ணை வெச்சு படிங்க.

ஓட்டை சும்மா வராது, ஊர்ல ஏதோ கலவரம் நடந்த வருஷமாத்தான் இருக்கும். 1739 டெல்லி, 1792 பாரிஸ், 1799 ஸ்ரீரங்கப்பட்டணம், 1917 பெட்ரோகிராட், 1947-48ல நம்ம சமஸ்தானங்கள். அந்த வருஷங்கள்ல ஒரு நகைக்கு ஓட்டை இருந்தா நின்னு தேடணும்.

எல்லா ஓட்டையும் திருட்டு இல்ல, அதையும் சொல்லணும். விளாடிமிர் டியாரான்னு எலிசபெத் ராணி அடிக்கடி போட்டது. அது ரஷ்ய இளவரசி மரியா பாவ்லோவ்னாவோடது. 1917ல குடும்பம் தப்பிச்சு ஓடினப்ப அரண்மனை ரகசிய பெட்டகத்துல மாட்டிக்கிச்சு, ஸ்டாப்ஃபோர்டுங்குற ஒரு இங்கிலீஷ்காரர் மாறுவேஷத்துல போய் எடுத்துட்டு லண்டன் வந்துட்டார். மரியா 1920ல இறந்ததும் அவங்க பொண்ணு அதை 1921ல மேரி ராணிக்கு (எலிசபெத்தோட பாட்டி) வித்தாங்க. கடத்தல்தான், ஆனா சொந்தக்காரங்க பொருள், சொந்தக்காரங்களுக்காக கடத்தினது.

9. கை மாறினது எப்படின்னு நோட்ல தனியா ஒரு கட்டம் போடுங்க

பரிசு, விலைக்கு, சீதனம், கொள்ளை, ஒப்பந்தம்னு எழுதுங்க, ஆனா பரிசுன்னு எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. 1849 லாகூர் ஒப்பந்தத்துல கோஹினூருக்குன்னே தனி ஷரத்து இருக்கு, ஷா ஷுஜாகிட்ட (ஆப்கன் ராஜா) இருந்து ரஞ்சித் சிங் எடுத்த கல்லை லாகூர் மகாராஜா இங்கிலாந்து ராணிகிட்ட ஒப்படைக்கணும்னு. ஒப்படைச்ச மகாராஜா துலீப் சிங்குக்கு வயசு 10. பத்து வயசு பையன், நாடே போயிடுச்சு, அதுக்கு பேர் பரிசா?

ஆற்காட்டுக்கு திரும்ப வந்தா அதுவும் பேப்பர்படி பரிசுதான். ஆனா 1777ல என்ன நடந்துட்டு இருந்தது? வாலாஜா கழுத்து வரைக்கும் கடன்ல இருந்தார், கம்பெனி ஆபீசர்களே அவருக்கு வட்டிக்கு விட்டவங்க. தஞ்சாவூரை தனக்கு வாங்கி வெச்சிருந்தவர் கையில இருந்து சென்னை கவர்னர் பிகட் அதை புடுங்கி 1776ல மராட்டிய ராஜாகிட்டயே திருப்பி குடுத்துட்டார், அதே வருஷம் ஆகஸ்ட்ல பிகட்டை அவர் கவுன்சில்காரங்களே கைது பண்ணாங்க, 1777 மே மாசம் காவல்லயே செத்துப் போனார். சென்னை இப்படி கொதிச்சுட்டு இருந்த நேரத்துல லண்டன் ராணிக்கு வைரம் போகுது. அன்புப் பரிசுன்னு எழுதுறவங்க எழுதட்டும், எனக்கு அது ஆள் பிடிக்க குடுத்த மாதிரிதான் தெரியுது. இது என் கருத்து, அதனால நோட்ல கருத்துன்னு தனியா குறிச்சிருக்கேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க.

இந்த கட்டம் எதுக்கு இவ்வளவு முக்கியம்னா, திருப்பிக் குடுக்குற பேச்சு வரும்போது அதுதான் பேசும். கண்டி கடைசி ராஜா ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சம், 1815ல பிரிட்டிஷ்காரங்ககிட்ட பிடிபட்டு வேலூர் கோட்டையில அடைபட்டு 1832ல அங்கயே இறந்தவர். அவர் சிம்மாசனம் இங்கிலாந்து போய் 1934ல திரும்ப இலங்கைக்கு வந்து இப்ப கொழும்பு மியூசியத்துல இருக்கு. 1765ல டச்சுக்காரங்க கண்டியில கொள்ளையடிச்ச, தங்கம் வெள்ளி மாணிக்கம் பதிச்ச சின்ன பீரங்கி, ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்துல இருந்தது. அது எப்படி வந்ததுன்னு மியூசியமே உக்காந்து ஆராய்ச்சி பண்ணி, கொள்ளைதான்னு ஒத்துக்கிட்டு, 2023ல திருப்பிக் குடுத்தாங்க.

சரி, எதுல கை வைக்கிறது

ஒரு நோட்டு எடுங்க, அஞ்சு கட்டம்: வருஷம், யார்கிட்ட, எப்படி வந்தது, என்ன ஆதாரம், எனக்கு எவ்வளவு நம்பிக்கை. கடைசி கட்டத்துல உறுதி, ஊகம், கதை, இந்த மூணுல ஒண்ணு போட்டா போதும்.

முதல் பயிற்சிக்கு கோஹினூர் வேண்டாம், குப்பை அதிகம். நாசிக் வைரம் எடுங்க. ஆற்காடு கல்லுங்க ஏலம் போன அதே 1837 ஏலத்துல அதே மார்க்விஸ் வாங்கினது. திரியம்பகேஸ்வரர் கோயில் கல்னு சொல்லுவாங்க, 1818ல மராட்டிய ஆட்சியாளர் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் தோத்தப்ப கம்பெனி கைக்கு வந்தது. அப்புறம் ரெண்டு தடவை வெட்டி இன்னைக்கு 43.38 காரட். 1920கள்ல அமெரிக்காவுக்கு வரி கட்டாம பழம்பொருள்னு சொல்லி கொண்டு வந்து, அதுல கேஸ் நடந்து தீர்ப்பு வரைக்கும் போயிருக்கு, 1970ல நியூயார்க் ஏலம். 1970ல ஆரம்பிச்சு பின்னாடி போங்க. 1818 வரைக்கும் பேப்பர் வரும், கோயிலுக்கும் பேஷ்வாவுக்கும் நடுவுலதான் உங்களுக்கு வேலை இருக்கு.